பதினான்காம் நம்பர் டோக்கன்

பேராச்சி அந்தக் கடையில் பதினோரு போன் வாங்கியிருக்கிறாள். ஒன்றைக்கூடத் திறந்து பார்த்ததில்லை. எல்லாம் இஜாஸ் பாய்க்காக வாங்கியவை. புதுப் போன் வெளியாகும் நாளில் ஆளுக்கு ஒன்றுதான் தருவார்கள். அதை மேல்விலைக்கு விற்கிற இஜாஸ், தாராவியிலிருந்து ஆள் கூட்டி வந்து வரிசையில் நிறுத்துவார். நின்றவருக்கு ஐந்நூறு ரூபாய். பெட்டி கவுண்டரிலிருந்து அவருடைய ஸ்கூட்டர் வரைக்கும்தான் கையில் இருக்கும். அந்த முப்பது அடி தூரமும் பேராச்சி பெட்டியின் மேலுள்ள படத்தைப் பார்த்துக்கொண்டே நடப்பாள். பார்த்தால் காசா பணமா?

இது பன்னிரண்டாவது. இது அவளுக்கே அவளுக்கு. பை தைக்கிற கம்பெனியில் இரண்டு வருஷம் ஓவர்டைம் பார்த்துச் சேர்த்திருந்தாள். இவ்வளவு விலையில் எதற்கு என்று வீட்டில் கேட்டார்கள். ஆசை, வேறென்ன என்றாள். டோக்கனைத் தன் பேரில், தன் நம்பரில், தானே போட்டாள்.

செம்பூரில் அந்தக் கடையின் கண்ணாடிக் கதவில் புதிதாக ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தது. ஒருவருக்கு ஒரு போன். ஆதார் கட்டாயம். பெட்டி கவுண்டரிலேயே பிரிக்கப்படும். மறுவிற்பனைக்கு வாங்குபவர்களுக்கு விற்பனை இல்லை. பிரித்த பெட்டியையும் விற்கத் தெரிந்தவர் இஜாஸ். அதனால் அன்றைக்கும் அவருடைய ஆட்கள் வரிசையில் நின்றார்கள். அவர்களில் ஒருத்தியான ஜாக்குலின், நாலு பேருக்குப் பின்னால் நின்று பேராச்சியைப் பார்த்துக் கண்ணடித்தாள்.

பதின்மூன்றாம் டோக்கன் பளபளவென்று ஷூ போட்ட ஒரு பெரிய மனுஷருடையது. கார்டைத் தேய்த்தார், வாங்கினார், போனார். எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. நோட்டீஸில் போட்டிருந்தும் அவர் பெட்டியை யாரும் பிரிக்கவும் இல்லை.

அடுத்து பதினான்கு. கவுண்டரில் மேனேஜர் சுபின் இருந்தான். அம்பர்நாத்தில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பையன். அவள் ஆதாரை வாங்கிப் பார்த்தான், கம்ப்யூட்டரைப் பார்த்தான், திரையை அவள் பக்கம் திருப்பினான். போன தடவை கடை கேமரா பிடித்த அவள் முகம் அதில் இருந்தது. கீழே சிவப்பு எழுத்து.

“அக்கா, உங்களுக்குத் தர முடியாது. சிஸ்டம்ல பிளாக் ஆயிருக்கு. நீங்க டீலர் ஆளு.”

“முன்ன நின்னேன், இல்லங்கல. இன்னைக்கு எனக்கு வாங்க வந்திருக்கேன் தம்பி. பெட்டிய இங்கயே பிரி. என் சிம்ம இங்கயே போடு.”

“இவ்ளோ பெரிய போன் உங்களுக்கு எதுக்குக்கா?”

பேராச்சிக்குச் சுருக்கென்று தைத்தது. “முன்னால போனாரே, அவருகிட்ட கேட்டியா?”

சுபின் குரலைத் தணித்தான். “சரி, ஒண்ணு பண்ணுங்க. லைன்ல யார் யார் இஜாஸ் ஆளுன்னு காட்டுங்க. கைய நீட்டுனா போதும். உங்க பிளாக்க நான் எடுத்துடறேன்.”

அவள் திரும்பிப் பார்த்தாள். தெரிந்த முகங்கள் ஏழு. ஜாக்குலின் இப்போது கண்ணடிக்கவில்லை, தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள். விரலை நீட்டினால் போன் கைக்கு வந்துவிடும். ஒரு நொடி, ஒரே நொடி, பேராச்சிக்கு மனசு தடுமாறியது. தடுமாறியதற்காகத் தன் மேலேயே கோபம் வந்தது. அந்தக் கோபம் அப்படியே சுபின் பக்கம் திரும்பியது.

“ஏலே, காட்டிக் குடுத்தா போனு, இல்லன்னா இல்லையா? நல்லா இருக்குடே உன் யாவாரம்!”

“அப்ப டோக்கன கேன்சல் பண்றேன். உங்க மொபைலுக்கு ஓடிபி வரும், சொல்லுங்க.”

கையிலிருந்த பழைய போன் அதிர்ந்தது. உடைந்த திரையில் நாலு எண்கள் தெரிந்தன. கடைப் பையன்கள் தங்களுக்கு வேண்டியவர்களுக்கு டோக்கனை மாற்றிக் கொடுத்துவிடக் கூடாதென்று கம்பெனியே போட்ட பூட்டு அது. அவள் எண்ணைச் சொல்லாமல் பதினான்கு ரத்தாகாது. பதினான்கு முடியாமல் பதினைந்து வராது.

பேராச்சி போனை இடுப்பில் செருகிக்கொண்டாள். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். தாராவிக்காரிக்கு இதெல்லாம் புதிதா? வீட்டைக் கணக்கெடுக்க வந்தவனாகட்டும், ரேஷன் ஆபீஸ்காரனாகட்டும், கிடையாது என்று எவன் சொன்னாலும் அங்கே ஒரே பதில்தான்: எழுதிக் கொடு. எல்லா அத்தாட்சிகளும் இருக்கிற பிளாஸ்டிக் ஃபைலில் அதற்கென்றே நாலு வெள்ளைத் தாளும் வைத்திருப்பாள். ஒன்றை உருவிக் கவுண்டரில் வைத்தாள்.

“லிக் கே தோ. பேராச்சிங்கிற பொம்பளைக்கு, அவ மூஞ்சி பிடிக்கல, அதனால போன் தர மாட்டோம்னு எழுது. சீல் வையி. கையெழுத்துப் போடு. பொறவு நம்பர் சொல்லுதேன்.”

“அதெல்லாம் எழுத முடியாதுக்கா.”

“அப்ப என்னாலயும் சொல்ல முடியாது.”

சுபின் மறுபடி ஓடிபி அனுப்பினான். இடுப்பில் போன் அதிர்ந்தது, அவள் அசையவில்லை. மூன்றாவது முறை அனுப்பியபோது சிரித்தேவிட்டாள். “அரே, ஜல்தி கரோ!” என்று வரிசை அவசரப்படுத்திக் கத்தியது. “சொல்லிராதக்கா!” என்று ஜாக்குலின் குரல் கொடுத்தாள். இருபது நிமிஷம் ஓடியது. மேலிடத்திலிருந்து போன் வந்தது, பில்லிங் ஏன் நின்றுபோயிருக்கிறது என்று. சுபின் நாலைந்து தடவை “சார், சார்” என்றான். பிறகு வேர்த்த முகத்தோடு கீபோர்டைத் தட்டினான். சிவப்பு எழுத்து மறைந்தது.

பணம் கட்டியதும் பெட்டி வந்தது. சுபின் பிளேடை எடுத்தான்.

“கைய எடு. நான் பிரிக்கேன்.”

ஓரத்துக் காகிதத்தை நகத்தால் கிளப்பி, அவசரமே படாமல் இழுத்தாள். மூடியைத் தூக்கினாள். உள்ளே கறுப்பாக, வழுவழுவென்று, அவள் முகம் ஒரு கீறல் இல்லாமல் தெரிந்தது. கண் கலங்கியது. யார் பார்த்தால் என்ன என்று முந்தானையால் துடைத்துக்கொண்டாள்.

சிம்மைப் போட்டுத் திரை ஒளிர்ந்ததும் கேமராவைத் தேடித் திறந்தாள். சுபினுக்கு நேராகப் பிடித்து ஒரு படம் எடுத்தாள்.

“என்னை எதுக்குக்கா எடுக்கிறீங்க?”

“எதுக்குன்னு என்கிட்ட கேக்காதடே. உன்கிட்ட என் படம் இருக்குல்லா, என்கிட்ட உன் படம் இருக்கட்டும்.” எழுந்து ஸ்டூலை ஓரமாகத் தள்ளினாள். “ம், அடுத்த ஆளக் கூப்பிடு. பதினஞ்சு!”