முத்து நிற்காத இடம்

மிச்சிகனில் குளிர்காலம் முடிந்துவிட்டதென்று காலண்டர் சொன்னால் யாரும் நம்புவதில்லை. ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை வெயில் அடித்து, தெருவில் எவனாவது தண்ணீர் பைப்பை வெளியே இழுத்தால்தான் நம்புவார்கள். பே சிட்டியின் அந்தத் தெருவில் அந்த எவனாவது வருஷா வருஷம் ரூடி நோவாக்தான்.

ரூடிக்கு ஐம்பத்தாறு வயது. பட்டறையில் லேத் ஓட்டுகிறவன். பெண்டாட்டி டோரீனின் பிறந்தநாளை இரண்டு தடவை மறந்திருக்கிறான். காருக்கு மெழுகு போடும் நாளை ஒரு தடவைகூட மறந்ததில்லை. கருநீலக் கார். முதல் பனி விழுவதற்கு முன்பே அதைக் கழுவித் துடைத்து, கராஜில் நிறுத்தி, தலை முதல் கால் வரை உறை போட்டு மூடிவிடுவான். சாலையில் கொட்டுகிற உப்பு அதன் மேல் ஒரு பொட்டுகூடப் படக்கூடாது. ஏப்ரல் வரை அது அங்கேயே தூங்கும். ஊர் உலகத்தில் கார் மனிதனைச் சுமக்கும். இந்த வீட்டில் மனிதன்தான் காரைச் சுமந்தான்.

"இன்னிக்கு வேணாமே, ரூடி. சாயங்காலம் மழை வரும்னு சொல்றாங்க," என்றாள் டோரீன், காபிக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு கராஜ் வாசலில் நின்றபடி.

"வானத்தப் பாரு. ஒரு மேகம் இருக்கா?"

"அடுத்த வாரம் செய்யேன்."

"அடுத்த வாரம் நான் செத்துப்போயிட்டா?"

வழக்கமாக இதற்கு அவள், 'அப்பவும் காரோடதான் பொதைக்கணும்' என்பாள். இன்று எதுவும் சொல்லாமல் உள்ளே போய்விட்டாள். ரூடி அதைக் கவனிக்கவில்லை. உறையை உருவிக்கொண்டிருந்தான்.

இரண்டு வாளிகள். ஒன்றில் சோப்புத் தண்ணீர், ஒன்றில் வெறும் தண்ணீர். கம்பளிக் கையுறையை ஒவ்வொரு தடவையும் வெறும் தண்ணீரில் அலசிவிட்டுத்தான் சோப்பில் முக்க வேண்டும். ஒரே வாளியில் கழுவுகிறவர்களை ரூடி கொலைகாரர்கள் என்பான். மணல் துகள் சோப்போடு கலந்து பெயின்ட்டில் வலை வலையாகக் கோடு போட்டுவிடும். துணி கீழே விழுந்தால் அந்தத் துணியின் கதை முடிந்தது, அப்புறம் அது சக்கரம் துடைக்கத்தான். எதிர் வீட்டுக்காரர்கள் ஒரு வாளி, ஒரு பழைய பனியனோடு அரை மணியில் வேலையை முடித்துவிட்டு பீர் குடிக்க உட்கார்ந்துவிடுவார்கள். ரூடிக்கு மாலையாகும்.

காரை வெயில் படாத பக்கமாக நிறுத்தி, முதலில் வெறும் தண்ணீரை அடித்தான். போன அக்டோபரில் போட்ட மெழுகு இன்னும் உயிரோடிருந்தது. கூரையில் தண்ணீர் முத்து முத்தாகத் திரண்டு உருண்டது. பானெட்டிலும் முத்து. கதவிலும் முத்து. பார்க்கப் பார்க்க மனசு நிறைந்தது.

வலது பக்க முன் மட்கார்டில் முத்து நிற்கவில்லை.

மறுபடியும் அடித்தான். தண்ணீர் அங்கே திரளாமல் ஈரத்துணி போட்டதுபோல் பரந்து படுத்து, மெதுவாக வழிந்து இறங்கியது. மெழுகு போட்ட இடத்தில் தண்ணீர் இப்படிப் படுக்காது. ரூடி மெழுகு போடாமல் விட்ட இடமென்று அந்தக் காரில் எதுவும் கிடையாது.

குனிந்து பார்த்தான். முகப்பு விளக்குக்கு மேலே, சுண்டுவிரல் நகத்தில் கால்வாசி அளவுக்கு ஒரு கல் தெறித்த வடு இருக்கும். மூன்று வருஷத்துக்கு முன் சரளை லாரி ஒன்று போட்டது. அதற்கு ரூடியே பல்குத்தும் குச்சி முனையில் பெயின்ட் தொட்டு வைத்திருந்தான். வேறு யார் கண்ணுக்கும் தெரியாது, அவன் விரலுக்கு இருட்டிலும் தெரியும். அந்த வடு இல்லை.

கார் வைத்திருப்பவன் புதுக் கீறலைக் கண்டு பதறுவான். இருந்த கீறல் காணாமல் போனதற்குப் பதறியவன் ரூடியாகத்தான் இருப்பான். சமையலறையிலிருந்து ஒரு மெல்லிய பிளாஸ்டிக் பையை எடுத்து வந்து கையில் மாட்டிக்கொண்டு தடவினான். வெறுங்கைக்குத் தப்புகிற சொரசொரப்பும் பைக்குள் இருக்கும் கைக்குத் தெரிந்துவிடும். பானெட் வழவழவென்று போயிற்று. மட்கார்டில் கை வைத்ததும், தூள் தூளாக, உப்புத்தாளைத் தடவுவதுபோல் ஒரு நெருடல். புதுப் பெயின்ட் பறந்து படிந்த நெருடல். யாரோ புதிதாக அடித்திருக்கிறார்கள். நல்ல வேலைக்காரன்தான், நிறம் அச்சாகப் பொருந்தியிருந்தது. ஆனால் புதுப் பெயின்ட்டுக்கு மூன்று மாதம் மெழுகு போடக்கூடாது. அதற்கப்புறம் போட வேண்டுமென்று தெரிந்தவர் யாரும் அந்தப் பக்கம் வரவில்லை.

உள்ளே ஏறிச் சாவியைப் போட்டு மைல் கணக்கைப் பார்த்தான். நவம்பர் பதினாலாம் தேதி, மான் வேட்டைக்கு வடக்கே போவதற்கு முந்தின மாலை, அந்த எண்ணைப் பார்த்துவிட்டுத்தான் உறை போட்டான். இப்போது நாற்பத்து மூன்று மைல் கூட இருந்தது.

வேட்டை முகாமில் இரண்டு வாரம் இருந்தான். அந்த இரண்டு வாரத்தில் ஊரில் நடந்தது ஒன்றே ஒன்றுதான். பதினாறாம் தேதி சாயங்காலம், மழையில், நான்கு வீடு தள்ளியிருந்த ஆர்லோ பிரெண்டல் ஆற்றோரச் சாலையில் நடந்துபோனபோது ஏதோ வண்டி அவனை அடித்துப் போட்டுவிட்டுப் போய்விட்டது. வண்டி இன்னும் கிடைக்கவில்லை. ரூடி ஊர் திரும்பியபோது அடக்கமே முடிந்திருந்தது.

ஸ்டியரிங்கில் வைத்த கையை எடுக்க முடியவில்லை. குளிர்காலம் முழுக்க வாரம் ஒரு தடவையாவது கராஜுக்குள் வந்து, உறைக்கு மேலேயே இந்த இடத்தைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான். ஐந்து மாதமாக ஆர்லோ இங்கேதான் கிடந்திருக்கிறான். நான்தான் போர்த்திவிட்டிருக்கிறேன் என்று தோன்றியது. கண்ணாடிக்கு வெளியே, மட்கார்டுக்குப் பக்கத்தில், யாரோ நிற்பதுபோல் இருந்தது.

நிஜமாகவே ஒருத்தி நின்றாள். கிளாரிஸ், ஆர்லோவின் மனைவி.

"என்ன ரூடி, காருக்குக் கண்ணாலமா?" என்றாள். ஐந்து மாதத்தில் ஆள் பாதியாகியிருந்தாள், ஆர்லோவின் பெரிய கோட்டைப் போட்டிருந்தாள்.

ரூடி இறங்கினான். மட்கார்டில் ஈரம் இன்னும் படுத்துக்கிடந்தது. அதன் மேல் துண்டைப் போட்டான்.

"டோரீன் புண்ணியத்துலதான் நான் சாப்புடறேன், தெரியுமா? அஞ்சு மாசமா ஒரு புதன்கெழம தவறல. நூடுல்ஸோ, மீட்லோஃபோ, சுடச்சுடக் கொண்டாந்து வச்சிட்டு ஓடிடறா. உக்காருடின்னா உக்கார மாட்டேங்கறா."

"அவ... அப்படித்தான்."

"உங்கிட்ட ஒண்ணு கேக்கணும். சிரிக்காத. நான் எங்க போனாலும் கார் மூஞ்சியத்தான் பாக்கறேன். கட வாசல்ல, சர்ச் வாசல்ல. ஒரு ஒடசல், ஒரு நெளிசல் இருக்கான்னு. போலீசு விட்டுட்டாங்க, என்னால விட முடியல. அவன் ரெண்டு மணி நேரம் உசுரோட கெடந்திருக்கான் ரூடி. டாக்டர் சொன்னாரு. ரெண்டு மணி நேரம். யாராவது ஒரு போன் போட்டிருந்தா போதும்."

ரூடி தலையை ஆட்டினான். துண்டின் ஓரத்தை இழுத்துச் சரிசெய்தான்.

"உனக்குத்தான் கண்ணு இருக்கு. சொல்லு. அடிச்ச வண்டிய ரிப்பேர் பண்ணி, பெயின்ட்டும் அடிச்சிட்டா, பாத்துக் கண்டுபிடிக்க முடியுமா?"

கை துண்டின் மேலேயே இருந்தது. துண்டுக்கு அடியில் தகடு ஜில்லென்றிருந்தது.

"முடியாது," என்றான். "நல்ல வேலக்காரன் செஞ்சா, எவனாலயும் முடியாது."

அவள் முகம் விழுந்தது. "எதுக்கும் நீ ஒருதரம் எங்கூட வாயேன். கடைக்குப் பக்கத்துல பெரிய பார்க்கிங் இருக்குல்ல, சனிக்கெழம மத்தியானம் முந்நூறு வண்டி நிக்கும். நீ சும்மா பாத்துட்டே நட. இன்னிக்கு ரெண்டு மணிக்கு வர்றேன்."

ரூடி சரி என்றான். வேறென்ன சொல்வது? பத்து மணி ஆகியிருந்தது.

டோரீன் சமையலறையில் வெறும் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்த தட்டையே துடைத்துக்கொண்டிருந்தாள்.

"கண்டுபிடிச்சிட்ட," என்றாள், அவன் வாயைத் திறப்பதற்குள்.

"சொல்லு."

"என் வண்டி ஸ்டார்ட் ஆகல. எட்டு நாளா கெடைக்காத பல் டாக்டர் அப்பாயின்ட்மென்ட். உன் கார எடுத்தேன். திரும்பி வர்றப்ப ஆத்தோரமா, மழ, இருட்டு. வலது பக்கம் என்னமோ பாஞ்சுது. தொம்முனு ஒரு சத்தம். மான்னு நெனச்சேன் ரூடி. சத்தியமா. நவம்பர்ல இந்த ஊர்ல மான இடிக்காதவங்க யாரு? எங்கக்கா ரெண்டு தடவ இடிச்சிருக்கா."

அது பொய்யில்லை. நவம்பரில் காரை நெளித்துக்கொண்டு யாராவது வந்தால், 'எத்தனை கொம்பு?' என்றுதான் கேட்பார்கள். ஊருக்கு வெளியே இருந்த பெயின்ட்டுக்காரனும் அப்படித்தான் கேட்டிருப்பான்.

"மான்னா மட்டும்? எறங்கிப் பாத்திருக்கலாமே."

"பாத்திருக்கலாம்."

"எனக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாம்."

டோரீன் தட்டை வைத்தாள். ஐந்து மாதத்தில் முதல் தடவையாக அவனை நேராகப் பார்த்தாள்.

"உனக்கா? போன கோடையில கதவுல என் வளையல் ஒரசினதுக்கு நீ எங்கூட ஒம்பது நாள் பேசல. எண்ணிட்டிருந்தேன். அன்னிக்கு ரோட்டுல எனக்கு மானும் தெரியல, ஒண்ணும் தெரியல. உன் மூஞ்சிதான் தெரிஞ்சுது. நீ வர்றதுக்குள்ள சரி பண்ணிடணும், அவ்வளவுதான். விடிஞ்சதும் மொத வேலையா வண்டியப் பெயின்ட்டுக்காரன்கிட்ட கொண்டுபோய் விட்டேன். வீட்டுக்கு வந்தப்புறம்தான் ரேடியோல சொன்னாங்க."

ரூடி நாற்காலியைப் பிடித்து உட்கார்ந்தான். திட்ட வேண்டுமென்றுதான் உள்ளே வந்தான். யாரைத் திட்டுவது?

"புதன்கெழம புதன்கெழம சொல்லிடலாம்னுதான் போனேன்," என்றாள் அவள். "பாத்திரத்தக் குடுத்துட்டு வந்துடறேன். அவ நன்றி சொல்றா ரூடி. ஒவ்வொரு வாரமும் நன்றி சொல்றா." அழவில்லை. அழுது தீர்த்துவிட்ட முகம். "நீ மெழுகு போட்டுடு. ஒருத்தருக்கும் தெரியாது. உனக்கும் எனக்கும் மட்டும்."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிடலாம். ஆனால் அந்தச் சோற்றைத் தினமும் சாப்பிட வேண்டும். ரூடி வெளியே போனான். அவனுக்குத் தெரிந்தது ஒரே வேலை, அதைச் செய்தான். படிந்த தூளை ஒற்றியெடுக்கும் களிமண் கட்டியால் மட்கார்டை உருட்டி உருட்டித் தேய்த்தான். மெழுகை எடுத்து வட்டம் வட்டமாகப் பூசினான். காயவிட்டுத் துடைத்தான். தண்ணீர் அடித்தான். முத்து நின்றது. மற்ற இடங்களைவிட அழகாக நின்றது. இனி கடவுளே வந்து பார்த்தாலும் தெரியாது. துடைத்த துணியை மடிக்காமல் குப்பையில் போட்டான்.

சரியாக இரண்டு மணிக்கு கிளாரிஸ் வந்தாள். ரூடி தன் பழைய பிக்கப்பின் சாவியை எடுத்தான்.

"அது எதுக்கு? இதுலயே போவோம்," என்றாள் அவள். "ஆர்லோ எத்தன தடவ கேட்டிருப்பான், ஒரு ரவுண்டு கூட்டிட்டுப் போடான்னு. ஷூவுல மண்ணு இருக்குன்னு சொல்லியே கழிச்சிட்ட. நான் இன்னிக்குக் கழுவின ஷூதான் போட்டிருக்கேன்." கதவைத் திறந்து உட்கார்ந்து, பெல்ட்டை மாட்டிக்கொண்டாள்.

சமையலறை ஜன்னலில் டோரீன் நின்றாள். ரூடி அவளைப் பார்த்தான். அவள் கையைக் கண்ணாடியில் வைத்தாள். வேண்டாம் என்றா, போ என்றா, அவனுக்குத் தெரியவில்லை.

தெருமுனையில் கடைக்கு இடப்பக்கம் திரும்ப வேண்டும். வலப்பக்கம் திரும்பினான்.

"எங்க போற? கட அந்தாண்ட இருக்கு."

அரை மைல் ஓட்டினான். இன்னும் அரை மைல். போலீஸ் நிலையம் வரை வாயைத் திறக்காமல் போய்விடலாமென்று நினைத்தான். அதுவும் கோழைத்தனம் என்று பட்டது. மூடியிருந்த ஒரு தளவாடக் கடைக்கு முன்னால் ஓரம் கட்டி, எஞ்சினை நிறுத்தினான்.

"நாம எந்த காரையும் தேட வேணாம், கிளாரிஸ். நீ தேடற காருக்குள்ளதான் உக்காந்திருக்க."

அவளுக்குப் புரிய நேரமாயிற்று. முதலில் சிரிக்கப் பார்த்தாள். பிறகு தன் காலடியைப் பார்த்தாள். பாதத்தை விரிப்பிலிருந்து தூக்கினாள். எங்கே வைப்பதென்று தெரியாமல் அந்தரத்திலேயே வைத்திருந்தாள்.

"நீ ஊர்ல இல்லையே," என்றாள். அப்புறம், "டோரீன்."

"மான்னு நெனச்சிருக்கா. எறங்கிப் பாக்கல. கார எடுத்ததுக்கு நான் திட்டுவேன்னு பயந்து பாக்கல. அந்த பயத்த அவளுக்குப் போட்டவன் நான்தான். நான் எவ்வளவு சொன்னாலும் அது கம்மி."

ஒரு லாரி கடந்து போனது, கார் லேசாக ஆடி நின்றது.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"இன்னிக்குக் காலைல. கழுவுறப்ப."

"நான் வர்றதுக்கு முன்னாடியா? பின்னாடியா?"

பொய் சொல்ல இன்னொரு வாய்ப்பு. அது அவ்வளவு சுலபமாக நாக்கு நுனியில் வந்து நின்றது அவனுக்கே பயமாக இருந்தது.

"முன்னாடி," என்றான்.

அவள் தலையை ஆட்டினாள், கணக்குச் சரியாக வந்துவிட்டதுபோல. கோட்டைக் கழுத்துவரை இழுத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டாள்.

"அவ அவன ரெண்டு மணி நேரம் கெடக்க விட்டா, தெரியாம," என்றாள். "நீ என்னைய நாலு மணி நேரம் விட்ட. தெரிஞ்சே."

ரூடி சாவியைத் திருப்பினான். காரை எடுத்தான். போலீஸ் நிலையத்துக்கு இன்னும் இரண்டு மைல் இருந்தது. அவள் பாதங்களைக் கடைசிவரை கீழே வைக்கவில்லை.