புறவாசல் முள்

இறந்த மகளின் இடது கைக்கு வந்ததும் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த ஹாஜரா பீவியின் செம்பு நின்றது. மறைப்புக்குக் கட்டிய வேட்டிக்கு மேலாகக் குற்றாலத்துச் சாரல் உள்ளே விழுந்துகொண்டிருந்தது.

"ஊத்துளா," என்றாள் மய்யித்துக் குளிப்பாட்ட வந்த ஹைருன் பீவி. அந்தக் கையைத் திருப்பியவள் குரலைத் தாழ்த்தினாள். "இது என்னது? நேர்நேரா, கோடு போட்டாப்ல..."

"முள்ளு கீறினது லாத்தா. புறவாசல் வேலியில."

"இம்புட்டா?"

ஹாஜரா செம்பை மறுபடி தண்ணீரில் முக்கினாள். ஹைருன் பீவி அவள் முகத்தையே பார்த்தாள். பிறகு துணியை இழுத்துக் கையை மூடினாள்.

"யாரு கேட்டாலும் அதையே சொல்லு. தானாவே கீறிக்கிட்டாள்னு பள்ளிவாசல் ஆலிம்சா காதுல விழுந்தா, மய்யித்துக்குத் தொழவைக்க யோசிப்பாரு."

முள் என்று மகள் சைதூன் சொல்லவில்லை. முதலில் சொன்னது ஹாஜராதான். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை நிறுத்தி, புத்தகப் பையை அவள் வாப்பா மசூது பரணில் போட்ட மாதம் அது. பாத்திரம் கழுவும்போது பிள்ளையின் சட்டைக்கை ஈரமாகிச் சுருண்டதில் கீறல்கள் தெரிந்தன. "என்னட்டி இது?" என்று கேட்டாள். பிள்ளை வாயைத் திறக்கப் போனாள். அதற்குள், "வேலி முள்ளு கீறிட்டோ?" என்று ஹாஜராவே கேட்டுவிட்டாள்.

சைதூன் அவளை வெகுநேரம் பார்த்துவிட்டுத் தலையாட்டினாள்.

சின்ன வயதில் முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு வந்தால் ஹாஜரா வைக்கிற அதே காப்பித்தூளை வைத்து, ஊதி, துணி சுற்றினாள். அதன்பிறகு, "இன்னைக்கும் முள்ளா?" என்பாள். "ஆமா உம்மா." அதற்குமேல் கேட்டால் பதில் வந்துவிடும் என்று பயமாக இருந்தது.

நான்கு நாளுக்கு முன் பிள்ளையின் தாடை பூட்டிக்கொண்டது. உடம்பு வில்லாக வளைந்தது. "இது இரண ஜன்னி. புண்ணு எப்படிப் பட்டது?" என்று ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டபோது, "முள்ளுங்கய்யா" என்று முந்திக்கொண்டு சொன்னவன் மசூது. அவனுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

அசர் தொழுகைக்குப் பிறகு அடக்கம் முடிந்து மசூது வீட்டுக்கு வந்தான். யாரிடமும் பேசாமல் அரிவாளை எடுத்துக்கொண்டு புறவாசலுக்குப் போனான்.

"அண்ணே, விடுங்கண்ணே," என்று தம்பி சேக் மைதீன் பின்னாலேயே ஓடினான். "வேலி என்ன செய்யும்?"

"என் பிள்ளையத் தின்ன முள்ளுல ஒண்ணு இங்கன நிக்கக்கூடாதுலே."

வெட்டிய கிளைகளைக் கையாலேயே பிடித்து இழுத்தான். அடுக்களை வாசலில் நின்ற ஹாஜரா இரண்டு தடவை வாயைத் திறந்தாள். இரண்டு தடவையும் மூடிக்கொண்டாள்.

வேலி இருந்த இடத்தில் பக்கத்து வீட்டுச் சுவர் தெரிந்தபோது அவன் வந்து படியில் உட்கார்ந்தான். இரண்டு கைகளையும் நீட்டினான். பழக்கத்தில் அவள் காப்பித்தூள் டப்பாவைத் திறந்து குனிந்தாள்.

முள் மேலும் கீழும் குறுக்குமாக இழுத்திருந்தது. ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடந்தது. ஒரு கீறலாவது நேராக இல்லை.

தூளை எடுத்த விரல்கள் அப்படியே நின்றன.

"வையேன்," என்றான் மசூது. "எரியுது."