சிவப்பும் மஞ்சளும் போடாதவர்

"அந்த மஞ்சச் சட்டைய எங்கப்பா மேல வச்சே, கைய ஒடிச்சிருவேன்."

"உங்கப்பாவா? அப்ப நான் யாரு, குப்பத்தொட்டியில கெடந்தவனா?"

விடிந்தும் விடியாத நேரம். எஃகு ஆலைக் குடியிருப்பின் முற்றத்தில், துக்கக் கொட்டகைக்குள், சூய் வீட்டு அண்ணன் தம்பி இருவரும் கத்திக்கொண்டிருந்தார்கள். வெளியே பனி கொட்டினாலும் நாங்கள் ஜன்னல்களைத் திறந்தே வைத்திருந்தோம். குளிருக்குப் பயந்து காதை மூடுகிற வழக்கம் எங்கள் கட்டடத்தில் இல்லை.

இருவருக்கும் நடுவில் பிறந்த ருய்யுன், சவப்பெட்டி தூக்க வந்தவர்களுக்கு ரொட்டித் தட்டை நீட்டியபடி வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பெட்டிமேல் வெயில் விழுந்தால் ஆகாது என்பார்கள், அதற்குமுன் அப்பா கிளம்பியாக வேண்டும். அவளுக்கு அது ஒன்றுதான் கவலை. பக்கவாதத்தில் கிடந்தவருக்கு இத்தனை மாதமும் கஞ்சி ஊட்டியவள் அவள். கடைசி வாய்க் கஞ்சியை விழுங்காமலேதான் போனார்.

சண்டை சட்டையைப் பற்றியது. எங்கள் ஊர்க் கால்பந்து அணி ஆலைக்குச் சொந்தமாக இருந்தவரை அதன் பெயர் 'எஃகு'. ஆலை நொடித்ததும் சாராயக் கம்பெனி வாங்கியது, பிறகு மாத்திரைக் கம்பெனி, பிறகு அடுக்குமாடி கட்டுகிறவன். அணி இரண்டாம் டிவிஷனுக்கு ஏறும், மூச்சு வாங்கும், மூன்றாவதுக்கே சறுக்கும். வருஷத்துக்கொரு பெயர் வந்தாலும் சட்டை மட்டும் சிவப்பு. போன வருஷம் அடுக்குமாடிக்காரன் அணியையே தெற்கில் ஒரு கடலோர ஊருக்கு விற்றுவிட்டான். சட்டை மஞ்சளாயிற்று. விற்பனையைப் பேசி முடித்தவன் அணியின் மேலாளர், இந்த வீட்டு மூத்தவன் தொங்ஷெங். முரசடித்து ஊரைக் கூட்டும் ரசிகர்களுக்குத் தலைவன் இளையவன் சாவ்லெய். அண்ணன் தெற்கே போன அன்று அவன் கார்க் கண்ணாடியைச் செங்கல்லால் உடைத்து வழியனுப்பியவன்.

"அணிய வித்தவன் அப்பாவுக்குச் சட்டி ஒடைக்கக் கூடாது," என்றான் சாவ்லெய். செத்தவரின் வழிச்செலவுக்கென்று மூன்று நாளாகக் காகிதப்பணம் எரித்த மண்சட்டி அண்ணன் கையில் இருந்தது. மூத்தவன் அதைப் போட்டு உடைத்தால்தான் பெட்டி எழும்.

"வித்ததாலதான்டா அது உசுரோட இருக்கு. உன் முரசு சோறு போட்டுதா அதுக்கு?"

"உசுரா? பொண்டாட்டிய அடுத்தவனுக்குக் கட்டி வச்சிட்டு நல்லா இருக்கான்னு கேக்குற மாதிரி இருக்கு."

ஜன்னலில் யாரோ சிரித்துவிட்டார்கள். நான் இல்லை.

தொங்ஷெங் சட்டியைச் செங்கல்மேல் வைத்துவிட்டு அறைந்தான். சாவ்லெய் முக்காலியை எடுத்து அவன் தோளில் போட்டான். எலும்பு முறிந்த சத்தம் மூன்றாம் மாடிவரை கேட்டது. மலர்வளையங்கள் சரிந்தன. முரசுக்காரர்களில் ஒருவன் விலக்கப் போய் இரண்டு பல்லைப் பனியில் துப்பினான். தம்பி அண்ணனைப் பெட்டிமேல் மல்லாத்தி, தன் சிவப்புக் கழுத்துத்துணியை அவன் தொண்டையில் சுற்றி இறுக்கினான். அண்ணன் முகம் நீலம் பாரித்தது. கால்கள் உதைத்த உதையில் பெட்டி ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

"விடுடா, செத்துருவான்," என்றாள் ருய்யுன்.

"சாகட்டும்க்கா. ஒரே வண்டியில அனுப்பிரலாம்."

"அப்பா கோல்கீப்பர்டா. அவரு செவப்பும் போட்டதில்ல, மஞ்சளும் போட்டதில்ல. அந்தப் பழைய பச்ச ஸ்வெட்டரப் போட்டுத்தான் உள்ள படுக்க வச்சிருக்கேன். பாக்கக்கூட வரலயே ரெண்டு பேரும்."

அவன் இன்னும் இறுக்கினான். பெட்டி இன்னொரு விரற்கடை சாய்ந்தது. ருய்யுன் ரொட்டித் தட்டைக் கீழே வைத்தாள். சட்டியை இரண்டு கையாலும் தூக்கினாள். தம்பியின் மண்டையில் இறக்கினாள்.

சட்டி சுக்குநூறாயிற்று.

சடங்கு நடத்தும் மா கிழவர் அந்தப் பக்கம் திரும்பி நின்று சிகரெட் பற்றவைத்துக்கொண்டிருந்தார். முப்பது வருஷப் பழக்கம். சத்தம் கேட்டதும் திரும்பிக்கூடப் பார்க்காமல், "பெட்டி எழட்டும்!" என்று ராகம் இழுத்தார். தூக்குகிறவர்களும் பழக்க தோஷத்தில் மூத்தவனைப் பெட்டிமேலிருந்து உருட்டிவிட்டுத் தூக்கினார்கள். சட்டி உடைந்தால் பிள்ளைகள் மண்டியிட வேண்டும். மண்டியிட்டார்கள். ஒருவன் தோளைப் பிடித்துக்கொண்டு இருமினான். இன்னொருவன் நெற்றியிலிருந்து சாம்பலும் ரத்தமும் கலந்து பனியில் சொட்டின. பெட்டி அவர்களைக் கடந்து போயிற்று. அதன் பின்னால் ருய்யுன் நடந்தாள். வெயில் இன்னும் மதிலுக்கு அந்தப் பக்கம்தான் இருந்தது.

சட்டி உடைத்தவருக்குத்தான் வீடு என்பது எங்கள் பக்கத்து வழக்கம். பெண் உடைத்தது செல்லுமா என்று முற்றத்தில் வெகுநாள் பேசினோம். "ஒடஞ்சது ஒடஞ்சதுதான், ஒட்டவா முடியும்?" என்றார் மா கிழவர். தம்பிகளும் அண்ணன்களும் உள்ள எங்கள் வீட்டுப் பெண்கள் அதை மிகவும் ரசித்தார்கள்.

மஞ்சள் அணியும் அடுத்த வருஷம் கலைந்தது. தொங்ஷெங் இன்னும் தெற்கே போய், மீன் ஏற்றும் கம்பெனி ஒன்றில் சேர்ந்ததாகக் கேள்வி. வசந்தத்தில் கல்லறை பெருக்கும் நாளுக்கு வருகிறான், அக்கம்பக்கத்தாரோடு பேசாமல் போகிறான். சாவ்லெய் நாற்பதுக்கு மேல், தன் மண்டையைத் தைத்த நர்ஸையே கட்டிக்கொண்டு மைதானத்துக்குப் பக்கத்தில் இறைச்சி சுடும் கடை போட்டிருக்கிறான். ருய்யுன் யாரையும் கட்டவில்லை, எங்கும் போகவுமில்லை.

வாடிக்கையாளர்கள் அவன் நெற்றித் தழும்பைக் கேட்டால், வெளியூர் ஆட்டத்தில் பட்டது என்பான். எந்த ஊர் என்று யாராவது கேட்டால், விசிறியால் கரியை விசிறிக்கொண்டே, சாலைக்கு அந்தப் பக்கம் அக்கா வீட்டு ஜன்னலில் விளக்கு எரிகிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்வான்.