ரேடியம் கடையில் கறுப்புத் திரை

காசிமேட்டில் மீன்பிடித் தடைக்காலம் முடிய ஒரு பகல்தான் பாக்கி. துறைமுகம் முழுக்க பெயின்ட் வாசனை. ஐஸ் வண்டிகள் இப்போதே ஹாரன் அடிக்க ஆரம்பித்துவிட்டன. ஜோதிகாவின் ரேடியம் ஸ்டிக்கர் கடைக்கு இதுதான் திருவிழா சீசன். புதுப் பெயின்ட் அடித்த விசைப்படகுகளுக்குப் பெயர் ஒட்டித் தருவது அவள் வேலை. கம்ப்யூட்டரில் எழுத்தை வரைந்து அனுப்பினால், பக்கத்திலிருக்கும் கட்டிங் மெஷின் சர்சர்ரென்று வெட்டித் தள்ளும்.

அந்தக் கம்ப்யூட்டர் ரெடிமேடாக வாங்கியதல்ல. ரிச்சி தெருவுக்கு நடையாய் நடந்து, மதர்போர்டு ஒரு கடை, ராம் ஒரு கடை என்று பார்த்துப் பார்த்து வாங்கி, அவளே தரையில் உட்கார்ந்து ஸ்க்ரூ முடுக்கியது. டிஸ்க் மட்டும் பழைய கம்ப்யூட்டரிலிருந்து கழற்றி, அதிலிருந்த விண்டோஸோடு அப்படியே மாட்டியது. மற்றவர்கள் அதன்மேல் டீ டம்ளரைக்கூட வைக்க முடியாது.

அவள் புருஷன் மணி படகு டிரைவர். இரண்டு மாதம் கடலுக்குப் போகாததில் அவனுக்குக் கை அரித்தது. வீட்டு மிக்ஸியைக் கழற்றி மாட்டினான், எதிர் வீட்டு மோட்டாரைக் கழற்றி மாட்டினான். கடைசியில் நேற்று சாயங்காலம், அவள் இல்லாத நேரம் பார்த்து, ஒரு ப்ளோயரைக் கொண்டுவந்து கம்ப்யூட்டரின் மூடியைத் திறந்து தூசி ஊதிவிட்டான். ஜோதிகா காலையில்தான் கண்டுபிடித்தாள். இரண்டு வார்த்தை கத்திவிட்டுக் கம்ப்யூட்டரைப் போட்டாள். நன்றாகவே ஓடியது.

அன்றைக்கு மிச்சமிருந்தது ஒரே ஒரு ஆர்டர். டிசைன் ரெடி, வெட்டினால் போதும். அந்தத் தைரியத்தில்தான் அவள் அந்த வேலையைத் தொட்டாள். பழைய விண்டோஸுக்கு அப்டேட் நின்றுபோய் மாதக்கணக்காகிறது. புது டிசைன் சாஃப்ட்வேர் அதில் ஏற மாட்டேன் என்கிறது. புது விண்டோஸுக்கு மாறலாம் என்று சோதித்தால், கம்ப்யூட்டரின் செட்டிங்கில் ஒன்றிரண்டை மாற்றச் சொன்னது. மாற்றித்தான் பார்ப்போமே என்று ஒரு வீடியோவைப் பார்த்து மாற்றினாள். ரீஸ்டார்ட் கொடுத்தாள்.

திரை கறுப்பாகிவிட்டது. பூட் செய்ய எதுவும் கிடைக்கவில்லை, டிஸ்க்கைப் போடு என்று இங்கிலீஷில் ஒரே வரி. திரும்பத் திரும்ப ஆஃப் செய்து போட்டாள். அதே வரி.

சரியாக அந்த நேரத்தில் பிலோமி உள்ளே வந்தாள். மீன் ஏலத்தில் குரல் பழகிய அம்மாள். புதுப் படகு அவளுடையது. மணிதான் அதற்கு டிரைவர். கடைசி ஆர்டரும் அவளுடையதுதான்.

"இன்னா ஜோதி, பேரு ரெடியா? சாயங்காலம் ஃபாதர் படக மந்திரிக்க வர்றாரு."

"இல்லக்கா, கம்ப்யூட்டர் பூட் ஆவ மாட்டேங்குது."

"பூட்டிக்கிச்சா? பூட்டிக்கிச்சுன்னா தொறக்க வேண்டியதுதானே?"

"ஐயோ அக்கா, அந்தப் பூட்டு இல்ல."

மணி வாசலில் நின்று எட்டிப் பார்த்தான். அவன் முகத்தைப் பார்த்ததும் ஜோதிகாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"யோவ், ப்ளோயர் வெச்சி ஊதுனியே, எந்த ஒயரைக் கழட்டிவுட்ட? டிஸ்க்கே இல்லன்னு சொல்லுதுய்யா! வூட்ல கைய வெச்சிகினு சும்மா இருக்கத் தெரியாதா?"

"நான் ஒயரைத் தொடவே இல்லமே."

"தொடாம தானா கழண்டுச்சா?"

பிலோமி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். மணி உள்ளே வந்தான். மூடியைத் திறந்து டார்ச் அடித்து ஒவ்வொரு ஒயராக அழுத்திப் பார்த்தான். எல்லாம் இறுக்கமாகத்தான் இருந்தது. "ஒயரே வீக்கா இருக்கும்போல. ரிச்சி தெரு போயி புதுசு வாங்கினு வந்துர்றேன்" என்று பைக் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டான்.

அவன் திருப்பிக் கத்தியிருந்தால் தேவலை என்று இருந்தது ஜோதிகாவுக்கு. தூசி தட்டிய பிறகும் காலையில் மெஷின் ஓடியது அவள் மனசுக்குத் தெரியும். வாய்தான் ஒத்துக்கொள்ளவில்லை.

பிலோமி ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "பாவம்டி அவன். நேத்து கூட மத்த டிரைவருங்க கேலி பண்ணிகினு இருந்தானுங்க, பொம்பள பேரு வெச்ச எக்ஸ்பிரஸ்ஸ ஓட்டப்போறியான்னு. இவன் சிரிச்சிகினே, ஆமா, டிக்கெட் எடுத்துட்டு ஏறுங்கடான்னான்."

படகின் பெயர் 'பிலோமி எக்ஸ்பிரஸ்'. சாமி பேர், பிள்ளைகள் பேரெல்லாம் எல்லாரும் வைத்தாயிற்று, கடனுக்குப் பேங்க் பேங்க்காக அலைந்தவள் நான், என் பேரை வைப்பேன் என்று அவள் ஒற்றைக்காலில் நின்று வைத்த பெயர் அது.

ஜோதிகா மறுபடி மெஷினைப் போட்டு, டெலீட் பட்டனை அழுத்திக்கொண்டே இருந்தாள். மெஷின் கண் விழிக்கும்போதே வரும் செட்டிங் திரை, பயாஸ், திறந்தது. அதில் ஒரு மூலையில் டிஸ்க்கின் பெயர் அச்சடித்ததுபோல் இருந்தது.

"கீதே!" என்றாள் சத்தமாக.

"இன்னா கீது?"

"டிஸ்க் உள்ளதான் கீதுக்கா. ஒயர் நல்லாத்தான் கீது."

அப்படியென்றால் தப்பு எங்கே என்பது, இனிமேல் மறைக்க முடியாதபடி, அவள் முன்னால் வந்து நின்றது. அந்த டிஸ்க் பழைய முறையில் பிரித்து எழுதியது. அவள் காலையில் மாற்றிய செட்டிங், விண்டோஸைப் புது முறையில் மட்டும் தேடச் சொல்கிறது. புது முறையில் தேடுகிற மெஷினுக்குப் பழைய டிஸ்க்கில் எங்கிருந்து ஆரம்பிப்பது என்று புரியாது. டிஸ்க்கை மாற்றாமல் செட்டிங்கை மட்டும் மாற்றியிருக்கிறாள்.

காலையில் மாற்றிய இரண்டையும் பழையபடி வைத்து, சேவ் செய்தாள். விண்டோஸ் ஒன்றுமே நடக்காததுபோல வந்து நின்றது. பிலோமி கை தட்டினாள்.

"மொதல்ல என் பேரை வெட்டு. அப்புறம் உன் மெஷினோட சண்டை போடு."

கட்டிங் மெஷின் 'பி'யில் ஆரம்பித்ததும் ஜோதிகா போனை எடுத்தாள். மணி பீச் ஸ்டேஷன் பக்கம் டிராஃபிக்கில் நின்றிருந்தான்.

"யோவ், திரும்பி வா. ஒயரு வேணாம்."

"ஏன், இன்னா ஆச்சி?"

"தப்பு என்னுது."

"இன்னா? லாரி சத்தத்துல கேக்கலமே."

"தப்பு என்னுதுய்யா!"

"இன்னும் கொஞ்சம் சத்தமா."

"தப்பு என்னுதூ!" என்று அவள் கத்தியதில் எதிர் டீக்கடைக்காரர் வடைக் கரண்டியோடு எட்டிப் பார்த்தார். போனில் மணி விழுந்து விழுந்து சிரிப்பது கேட்டது. பிலோமி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அவன் சூடான சமோசா பொட்டலத்தோடு வந்தான். மூன்று பேருமாகத் துறைமுகத்துக்குப் போனார்கள். மணி ஏணியைப் பிடிக்க, ஜோதிகா மேலே நின்று ஒவ்வொரு எழுத்தாக ஒட்டித் தேய்த்தாள். கீழேயிருந்து பிலோமி, "கொஞ்சம் மேல, கொஞ்சம் மேல" என்று ஏலம் விடுகிற குரலில் சொல்லிக்கொண்டே இருந்தாள். ஃபாதர் தீர்த்தம் தெளித்தபோது, வெயிலில் 'எக்ஸ்பிரஸ்' பளீரென்று மின்னியது.

கடைக்குத் திரும்பியதும் ஜோதிகா மிச்ச வேலையை ஒழுங்காகச் செய்ய உட்கார்ந்தாள். டிசைன்களையெல்லாம் பென் டிரைவில் காப்பி எடுத்துக் கழற்றி வைத்தாள். டிஸ்க்கைப் புது முறைக்கு மாற்றும் கட்டளையைப் போட்டாள். மாறிவிட்டது என்று வந்த பிறகே பயாஸுக்குள் போய்ச் செட்டிங்கைத் தொட்டாள். மெஷின் சமர்த்தாக எழுந்தது. காப்பி சரியாக வந்திருக்கிறதா என்று பென் டிரைவை மறுபடி செருகிப் பார்த்துக்கொண்டாள். அப்கிரேடு ஆரம்பித்தது. பாதியில் தானாக ரீஸ்டார்ட் ஆனது.

மறுபடி கறுப்பு. ஓரத்தில் ஒரு சின்னக் கோடு மட்டும் மினுக்கிக்கொண்டிருந்தது.

ஜோதிகா விரலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இந்த முறை யாரையும் திட்டவில்லை. மணி குனிந்து பார்த்தான்.

"அந்த பென் டிரைவு இன்னும் அங்க இன்னா பண்ணிகினு கீது?"

அவள் தலையில் தட்டிக்கொண்டாள். செட்டிங்கில் கை வைத்ததில் பென் டிரைவ் பூட் வரிசையில் முதலாவதாக ஏறியிருக்க வேண்டும். விண்டோஸே இல்லாத பென் டிரைவில் மெஷின் விண்டோஸைத் தேடிக்கொண்டிருக்கிறது.

"பிடுங்கட்டா?" என்றான் மணி. கை கம்ப்யூட்டருக்கு ஒரு சாண் தள்ளியே நின்றது.

"பிடுங்குய்யா. உனக்கில்லாத உரிமையா?"

பிடுங்கிவிட்டு ரீஸ்டார்ட் கொடுத்தார்கள். புள்ளிகள் வட்டமாகச் சுற்ற ஆரம்பித்தன. கீழே சதவீத எண் ஒவ்வொன்றாக ஏறியது. இருவரும் ஒரே ஸ்டூலில் நெருக்கியடித்து உட்கார்ந்து, கிரிக்கெட் பார்ப்பதுபோல அதைப் பார்த்தார்கள்.

மணியின் போன் அடித்தது. படகில் ஐஸ் ஏற்றும் ஆட்கள்.

"டேய், அஞ்சு நிமிசம் இருங்கடா" என்றான் அவன், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "இங்க ஒரு இன்ஜின் ஸ்டார்ட் ஆவப்போவுது. பாத்துட்டு வந்துர்றேன்."