நானூற்றொன்றாவது வாழை

1
இந்தக் கதை ஒரு ஜாம் போத்தலில் பிறந்தது. போத்தலுக்குள், கடற்பாசிக் களியின்மேல், சின்னவிரல் நகமளவில் ஒரு வாழைக்கன்று. போன வருஷம், 1993இல், அதை எனக்குச் சும்மா தந்தவர் உரும்பிராய்ச் சண்முகநாதன். ஆய்வுகூடத்தில் உதவியாளராக இருந்து ஓய்வுபெற்றவர். ஒரே தாய்வாழையின் துணுக்கிலிருந்து நானூற்றொரு கன்று எடுத்திருந்தார். (முதலில் நாலாயிரம் என்றுதான் எழுதினேன். வெட்டும்போது மனம் நொந்தது.) எனக்குத் தந்தது அந்த ஒன்றை. மற்ற நானூறும் அவரது அயலில் வாழைத்தோட்டம் வைத்திருந்த குணலட்சுமிக்கு.

2
தொடக்கம்: “விடிகாலைப் பனியில் குணலட்சுமி மெல்ல”

வேண்டாம். எல்லாக் கதையிலும் பனி பெய்கிறது.

இன்னொரு தொடக்கம்: குணலட்சுமி தன் பழைய வாழைகளை முழுவதும் கிளப்பி எறிந்துவிட்டு, இருந்த ஒரே காணியில் போத்தல் பிள்ளைகளை நட்டாள்.

“உன்ரை தோட்டம் ஒருக்காக் காய்ச்சுக் காட்டட்டும் பிள்ளை,” என்றார் சண்முகநாதன். “கண்டு பங்கு போடப் பத்துக் குடும்பம் நிக்குது. ஒரு தாய், வலிகாமம் முழுக்கப் பிள்ளையள்!”

“எல்லாம் ஒரே மூஞ்சியா நிண்டா எப்பிடி அண்ணை அடையாளம் பிடிக்கிறது?”

“நீ என்ன, வாழைக்குச் சம்பந்தமே பேசப்போறாய்?”

(எல்லாத் தோட்டத்திலும் ஒரே மரம் நின்றால் ஊருக்கு ஒரே அதிர்ஷ்டம், நோய் வந்தால் ஒரே நோய். பங்கு போடுகிறவர்கள் இந்த வாக்கியத்தின் முதற்பாதியோடு வாசிப்பதை நிறுத்திவிடுவார்கள்.)

3
பத்தாம் மாதம், ஒரே காலையில், நானூறும் பொத்தி தள்ளிப் பூவிட்டன. எல்லாம் ஒரே திசைக்குச் சரிந்து.

அங்கேதான் வில்லங்கம். முதற்குலை பிள்ளையாருக்கு. அது போகாமல் அவள் ஒரு சீப்பும் விற்கமாட்டாள். இதில் முதல் எது?

“ஏதோ ஒண்டைக் குடன். பிள்ளையார் என்ன, எண்ணிக்கொண்டே இருக்கிறார்?”

“அவர் எண்ணாட்டிலும் நான் எண்ணுவன் அண்ணை.”

ஒன்றைத் தெரிந்தெடுத்து, தண்டில் சிவப்புத் துணியை இறுக்கிக் கட்டினாள். மறுநாள் மற்ற முந்நூற்றுத் தொண்ணூற்றொன்பதிலும், அதே உயரத்தில், இறுக்கிய தழும்பு. துணி மட்டும் இல்லை.

(நான் கூட்டிச் சொல்கிறவன்தான். குலைகளின் நீளம் கேட்டால் இரண்டு முழம் கூட்டித்தான் சொல்வேன். தழும்பில் ஒரு நூலளவும் கூட்டவில்லை.)

4
குலைகள் முற்றிவிட்டன. வெட்டாவிட்டால் எல்லாம் ஒரே நாளில் பழுத்து அழுகும். அவளுக்கு வேறு பிழைப்பில்லை. வெட்டினாலோ,

“ஒண்டை வெட்டினா எல்லாம் விழுமோ அண்ணை? விழுந்தா நானூறும் முதற்குலையெல்லே, விக்க என்ன மிஞ்சும்?”

“தெரியாது பிள்ளை.”

அந்தச் சொல் அவர் வாயில் வந்து நான் கேட்டதேயில்லை.

முடிவு அ: நானூறும் ஒரே சத்தத்தில் விழுந்தன. (கோடு போட்டு அடித்துவிட்டேன். அவள் முகத்தை எழுத முடியவில்லை.)

முடிவு ஆ: ஒன்று மட்டும் விழுந்தது, எல்லாரும் சிரித்தார்கள். (எழுதிய எனக்கே நம்பிக்கையில்லை.)

முடிவு இ: குணலட்சுமி கத்தியை ஓங்கி

இதோடு விட்டேன். வாசகரே, மிச்சம் உங்களுடையது. என்னால் ஏலாது; ஏனென்றால் நானூற்றொன்றாவது வாழை, நாலு மைலுக்கு இப்பால், புத்தூரில் என் கிணற்றடியில் நிற்கிறது. அதிலும் தழும்பு.

இப்போதுதான் தண்ணீர் அள்ளிவிட்டு வருகிறேன். குலைக்காம்பில் புதிதாக ஒரு கீறல், கத்தி வாய்வைத்தது போல. பால் வடிகிறது. வெட்டியது நானல்ல. அவளுமல்ல; அவள் இன்னும் மூன்றாம் முடிவில், ஓங்கிய கையோடு நிற்கிறாள்.

நீங்கள் எழுதத் தொடங்கிவிட்டீர்களா?