புதனைவிடப் பெரிய நிலா

பார்வையற்ற பிள்ளைகள் படிக்கும் அந்தப் பள்ளியில் அவளுக்குப் பெயர் கிழிசலக்கா. சீருடை கிழிந்தால் ஒட்டுப்போடுவாள், தலையணை உறை தைப்பாள். அதற்கு மேல் அவளிடம் யாரும் எதுவும் எதிர்பார்த்ததில்லை. அப்படிப்பட்டவளிடம் போய் அறிவியல் ஆசிரியர், "அக்கா, கிரகமும் நிலாவும் தைச்சுக் குடுங்க. பிள்ளைங்க தொட்டுப் பார்த்து அளவு தெரிஞ்சுக்கணும்" என்று கேட்டால் என்ன செய்வாள்? முதலில் சிரித்தாள். பிறகு அளவு நாடாவை எடுத்தாள்.

ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் கணக்கு. ஆசிரியர் கொடுத்ததெல்லாம் குறுக்களவு. தையல்காரிக்குக் குறுக்களவு எதற்கு? இடுப்பானாலும் உருண்டையானாலும் சுற்றிப் பிடித்தால்தான் அவளுக்கு அளவு. எல்லாவற்றையும் சுற்றளவாக மாற்றி எழுதிக்கொண்டாள். பூமி பெரிய மாதுளை அளவில் முடிந்தது. வியாழனோ ஆள் தோள் உயரம். முடித்துக் கொண்டுபோனால் வாசலில் நுழையாதென்று வகுப்பறையிலேயே உட்கார்ந்து தைத்து, எட்டுப் பழைய மெத்தைகளின் பஞ்சை அதன் வயிற்றில் அடைத்தாள். அம்மாடி, என்ன பசி அதற்கு!

வகுப்பில் ஒப்படைக்கிற நாளாகப் பார்த்து ஆசிரியர் காய்ச்சலில் படுத்துவிட்டார். தலைமையாசிரியை தனியாக வந்தார், கையில் கடையிலிருந்து வரவழைத்த பிளாஸ்டிக் உருண்டைப் பெட்டியோடு. அளவுப் பட்டியலைப் படித்ததும் அவர் புருவம் ஏறியது.

"என்னம்மா இது? கனிமீடு வியாழனோட நிலா. அது புதன் கிரகத்தைவிடப் பெரிசா? எங்கேயாவது நிலா கிரகத்தைவிடப் பெரிசா இருக்குமா?"

"இருக்கு டீச்சர். சார்தான் அளவு குடுத்தார்."

"அவர் சரியாத்தான் குடுத்திருப்பார். நீங்க மாத்தி எழுதியிருப்பீங்க. பிரிச்சு ரெண்டு தையல் உள்ள பிடிச்சிடுங்க. இல்லைன்னா கடை உருண்டையே இருக்கட்டும்."

ஐந்து நிமிட வேலைதான். 'சரிங்க டீச்சர்' என்பது பதினோரு வருடமாக அவள் நாக்கு நுனியில் இருக்கிற வார்த்தை. அன்று என்னவோ அது வெளியே வரவில்லை. தப்பான அளவைக் கையில் கொடுத்தால் இந்தப் பிள்ளைகள் வேறெங்கே போய்ச் சரிபார்ப்பார்கள்?

"வேணும்னா எல்லாத்தையும் தூக்கிட்டுப் போயிடறேன் டீச்சர். சின்னதாக்க மாட்டேன்" என்றாள்.

முன்வரிசையில் ஒரு வாயாடிச் சிறுமி கையை நீட்டினாள். "டீச்சர், எங்களுக்குத்தானே தைச்சாங்க? எங்ககிட்ட குடுங்களேன். நான் வரிசையா அடுக்கறேன்."

பெயர்ச் சீட்டைத் தடவக் கூடாது என்ற கட்டளையோடு ஐந்து உருண்டைகளைத் தலைமையாசிரியை அவள் முன் வைத்தார். கல்லுப் போல இறுக்கி அடைத்தவை. மிகச் சின்னதும் மிகப் பெரியதும் உடனே ஓரங்களுக்குப் போய்விட்டன. நடுவில் மூன்று.

தலைமையாசிரியை குனிந்து பார்த்தார், கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். "மூணும் ஒண்ணாத்தானேடி இருக்கு!"

"போங்க டீச்சர். மூணும் வேற வேற." சிறுமி ஒன்றை இடது பக்கம் தள்ளினாள். மிச்ச இரண்டையும் உள்ளங்கைகளில் உருட்டினாள். "இருங்க, இருங்க... இது ஒரு நூல் பெரிசு."

கிழிசலக்கா இரண்டடி முன்னால் வந்துவிட்டாள். அந்த ஒரு நூலுக்காக நாலு தடவை பிரித்துத் தைத்திருந்தாள். யாருக்குத் தெரியப்போகுது என்று வீட்டுக்காரர்கூடக் கேலி செய்திருந்தார். தெரிகிறதே! ஒரு பத்து வயதுக்குத் தெரிகிறதே!

சிறுமி இப்போது சீட்டுகளின் பிரெய்ல் புள்ளிகளைத் தடவிப் படித்தாள். "நிலா, புதன், டைட்டன், கனிமீடு, செவ்வாய்."

பின்வரிசையில் ஒருவன் அதற்குள் பாடப் புத்தகத்தில் விரலை ஓட்டிவிட்டான். "புத்தகத்துலயும் இதே வரிசைதான் டீச்சர்! வியாழனோட கனிமீடு, சனியோட டைட்டன், ரெண்டு நிலாவும் புதனைவிடப் பெரிசு!"

தலைமையாசிரியை கண்ணை மூடிக்கொண்டு புதனையும் அந்த இரண்டு நிலாக்களையும் வெகுநேரம் உருட்டிப் பார்த்தார். "நான்தாம்மா தப்பு" என்றார். உடனே கடைக்குப் போன் போட்டார். "உங்க பெட்டியைத் திருப்பி எடுத்துக்குங்க. எங்ககிட்ட இதைவிட நல்லது இருக்கு... எந்தக் கம்பெனியா?" போனை அவளிடம் நீட்டினார். "நீங்களே சொல்லுங்க."

அவள் பள்ளிக்கூடம் முழுக்கக் கேட்கிற குரலில் சொன்னாள்:

"கம்பெனி இல்லீங்க. எட்டுக் கிரகமும், அத்தனை நிலாவும், நான்தாங்க தைச்சேன்!"