சிவப்பு மூடி

அந்த வீட்டில் காலையில் வண்டியைக் கிளப்ப நாலு பேர் வேண்டும். மற்றவர்களுக்கு ஒரு சாவியும் ஒரு ஆளும் போதும். இவர்களுக்குக் குடும்பமே இறங்க வேண்டும். கணவன் உள்ளே உட்கார்ந்து, எஞ்சின் அணைந்துபோகாமல் மிதித்துக்கொண்டே இருப்பான். மனைவி பானட்டைத் தூக்கி, பிரேக் ஆயில் குறைந்திருந்தால் ஊற்றுவாள். வாசல் சரிவு, கை பிரேக்கும் பிடித்திருந்தால்தான் நிற்கும் என்பதால் ஒன்பது வயதுப் பெரியவள் பின்சீட்டிலிருந்து எக்கி, கை பிரேக்கை இரண்டு கையாலும் பிடித்திருப்பாள். அப்பா "விடு" என்று சொன்னால்தான் விடுவாள். ஆறு வயதுச் சின்னவனுக்கு முன்கண்ணாடியில் படிந்த ஆவியைத் துடைக்கும் வேலை. துடைக்கிறேன் பேர்வழி என்று பாதி நாள் அதில் படம் வரைந்து வைப்பான்.

ஐம்பது வயது ஸ்போர்ட்ஸ் கார். சிவப்பு நிறம், இரண்டே கதவு, பின்சீட்டு என்று பேருக்கு ஒன்று. தரைக்கும் அதற்கும் ஒரு சாண்தான் இடைவெளி. எதிர்வீட்டுக்காரர் தினமும் சலிக்காமல் கேட்பார்: "ஏறுறீங்களா, இறங்குறீங்களா?" இந்த மாதிரி வண்டி வைத்திருப்பவர்கள் போர்வை போர்த்தி வைத்து, மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வெளியே எடுப்பார்கள். இவன் அதில் பள்ளிக்கூடப் பையையும் காய்கறியையும் ஏற்றினான். "வண்டின்னா ஓடணும். கண்ணாடிப் பெட்டியில வச்சுப் பார்க்கவா வாங்கினேன்?" என்பான். வீட்டிலிருந்த சாதாரணக் காரையும் நிறுத்த இடமில்லை என்று விற்றுவிட்டான்.

அவன் லிஃப்ட் மெக்கானிக். வேலையில் புலி. கம்பிக் கயிற்றில் ஒரு இழை பிசிறியிருந்தால் பன்னிரண்டு மாடிக் கட்டடத்தையே படியேற வைத்துவிடுவான். அப்பேர்ப்பட்டவன் சொந்த வண்டி என்று வந்ததும் கண்ணை மூடிக்கொள்வான். கதவு தானாகத் திறக்கிறதே என்றால், "அது அப்படித்தான்." பிரேக் இரண்டு மிதி மிதித்தால்தான் பிடிக்கிறதே என்றால், "அது அப்படித்தான்." பிரேக் ஆயில் கசிவதற்கும் அதே பதில். மாற்ற வேண்டிய ரப்பர் வளையம் நாலு மாதமாக எங்கிருந்தோ கப்பலில் வந்துகொண்டே இருந்தது. அதுவரைக்கும் தினமும் ஊற்றிக்கொண்டால் போதும் என்றான்.

அவளுக்குப் பயம். இதில் சுற்றி வளைத்துச் சொல்ல ஒன்றுமில்லை. பிள்ளைகள் அந்த வண்டியில் ஏறும்போதெல்லாம் கதவை இரண்டு தடவை இழுத்துப் பார்ப்பாள். வாய்விட்டுச் சொன்னால் "பயந்தாங்கொள்ளி" என்று அவன் சிரிப்பான், பிள்ளைகளும் கூடச் சேர்ந்து சிரிக்கும். அதனால்தான் ஆயில் ஊற்றும் வேலையை அவளே கேட்டு வாங்கிக்கொண்டாள். பல் மருத்துவர்களுக்குப் பல் செட்டு செய்துகொடுக்கும் லேபில் அவளுக்கு வேலை. மயிரிழை பிசகினாலும் வாயில் பொருந்தாது. யார் கை தப்பினாலும் தன் கை தப்பாது என்று அவளுக்கு ஒரு நம்பிக்கை இருந்தது.

வியாழக்கிழமை மாலை நாலு மணி தாண்டிப் பத்து நிமிடம். மெழுகில் ஒரு கடைவாய்ப் பல்லைச் செதுக்கி முடித்துவிட்டு, மூக்குக்கண்ணாடி துடைக்கும் துணியை எடுக்கக் கைப்பைக்குள் கையை விட்டாள். பிசுபிசுவென்று ஏதோ விரலில் ஒட்டியது. வெளியே எடுத்தால் ரப்பர் கையுறை. ஆயில் ஊற்றும்போது மாட்டிக்கொள்ள லேபிலிருந்து எடுத்துப்போவது. ஒன்றை ஒரு வாரம் ஓட்டுவாள். அதன் மூன்று விரல்கள் ஊதிப் பருத்துத் தொளதொளவென்று தொங்கின.

லேபில் எல்லோருக்கும் மூத்த அக்கா பக்கத்து மேசையிலிருந்து எட்டிப் பார்த்தார். "எந்த எண்ணெயில கைய விட்டே? எண்ணெய் பட்டா ரப்பர் இப்படித்தான் ஊதிப்போகும்."

"எண்ணெய் இல்லக்கா, பிரேக் ஆயில்."

"அதைத்தானே மாசக்கணக்கா ஊத்திக்கிட்டு இருக்கே? இத்தனை நாள் ஒண்ணும் ஆகலையே?"

அக்கா பாட்டுக்குக் கேட்டுவிட்டுத் தன் வேலைக்குத் திரும்பிவிட்டார். அவள் கையுறையை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தாள்.

ஆயில் ஊற்றத் தொடங்கிய அன்றைக்கே கணவன் படித்துப் படித்துச் சொன்னது ஞாபகம் வந்தது. "பேருதான் ஆயில். இது எண்ணெய் இல்ல. எண்ணெய் மட்டும் இதுல கலந்துடக் கூடாது. உள்ளே இருக்கிற ரப்பரெல்லாம் ஊதிக்கும். பிரேக் முதல்ல விடாம பிடிச்சுக்கும், சூடேறும். அப்புறம் எவ்வளவு மிதிச்சாலும் பிடிக்காது."

ஞாயிற்றுக்கிழமை வண்டிச் சாமான் அலமாரியைச் சுத்தம் செய்தது அவள்தான். பெரிய டின்னிலிருந்து ஊற்றுவது தொல்லை என்று எல்லாவற்றையும் அவன் பழைய ஜூஸ் பாட்டில்களில் மாற்றி வைத்திருப்பான். எல்லாம் ஒரே மாதிரி பாட்டில். சிவப்பு மூடி போட்டது பிரேக் ஆயில், கறுப்பு மூடி போட்டது கதவுக் கீலுக்கும் பூட்டுக்கும் விடும் எண்ணெய். இரண்டும் வெளிர் மஞ்சள். பாட்டிலில் ஒரு எழுத்து கிடையாது, அடையாளமெல்லாம் மூடியில்தான். பிசுக்கு பிடித்துக் கிடக்கிறதே என்று மூடிகளையெல்லாம் கழற்றி ஒன்றாகச் சோப்புத் தண்ணீரில் போட்டு, தேய்த்துக் கழுவி, துடைத்து, திரும்பப் போட்டாள். எந்த மூடி எந்தப் பாட்டிலுக்கு? பார்த்துத்தான் போட்டதாக அன்றைக்கு நினைப்பு.

திங்கள், செவ்வாய், புதன், வியாழன். நாலு காலை.

நேற்று வண்டியில் கருகல் வாடை அடித்தது. இன்று காலையில் வண்டி, யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுப்பதுபோல் திணறித் திணறிப் போனது. "அது அப்படித்தான், குளிருக்கு" என்றான் அவன். நாலு வருடமாக அதைக் கேட்டுக் கேட்டு, அவளும் சரி என்று வாயை மூடிக்கொண்டாள். பயந்தாங்கொள்ளிக்குப் பயப்பட வேண்டிய அன்றைக்குப் பயம் வரவில்லை.

பள்ளிக்கூடம் விட்டு அவன் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு கிளம்பும் நேரம். செல்போனில் கூப்பிட்டாள். மணி அடித்து அடித்து நின்றது. அந்த வண்டியின் சத்தத்தில் எதுவும் காதில் விழாது என்று போனை அவன் முன்பெட்டிக்குள் போட்டு மூடிவிடுவான். மறுபடி கூப்பிட்டாள். அப்புறம் பள்ளிக்கூடத்துக்குக் கூப்பிட்டாள்.

"சிவப்பு வண்டிதானேம்மா?" என்றார் அலுவலகத்து அம்மாள், சிரித்துக்கொண்டே. "இப்பத்தான் கிளம்புச்சு. பசங்கல்லாம் கை காட்டிட்டு நின்னாங்க."

பள்ளிக்கூடம் மேட்டின் உச்சியில் இருந்தது. அங்கிருந்து ஒரே சரிவாக இறங்கும் தெருவின் நடுவில் லேப். அடியில் பேருந்துகள் குறுக்கே போகும் நாற்சந்தி. அவள் பல் அச்சு மாவு படிந்த ஏப்ரனோடு, கையில் அந்தக் கையுறையோடு வாசலுக்கு ஓடினாள்.

தெருவுக்கு வந்ததும் இன்னொரு பயம் பிடித்துக்கொண்டது. நிறுத்து என்று கை காட்டினால் அவன் எதை மிதிப்பான்? பிரேக்கைத்தானே? வேறு என்ன சொல்வது? யோசிப்பதற்குள் சத்தம் கேட்டது. இரண்டு தெரு தள்ளி வந்தாலும் அவளுக்குத் தெரிகிற சத்தம். கடவுளே, கடவுளே என்று வாய் முணுமுணுத்தது.

வண்டி வளைவு திரும்பி இறங்கியது. கணவன் அவளைப் பார்த்துவிட்டான். வீட்டுக்குக் கூட்டிப்போகச் சொல்லி நிற்கிறாள் என்று நினைத்திருப்பான். விளக்கை ஒரு தடவை சிமிட்டிச் சிரித்தான். பின்னால் இரண்டு தலைகள். அப்புறம் அவன் முகத்திலிருந்து சிரிப்பு போனது. ஒரு மிதி, இரண்டு மிதி, மூன்றாவது மிதி. அவன் தோள் குலுங்குவது அவளுக்குத் தெரிந்தது. வண்டி அவளைத் தாண்டிப் போயிற்று. பின்னால் பிரேக் விளக்கு இரண்டும் பளிச்சென்று சிவப்பாக எரிந்தன, வண்டி மட்டும் நிற்கவில்லை.

"கை பிரேக்! பாப்பா, கை பிரேக்கை இழு!"

அப்படி ஒரு குரல் தனக்கு இருப்பது அவளுக்கே அன்றைக்குத்தான் தெரியும். செருப்பை உதறிவிட்டு வண்டிக்குப் பின்னால் ஓடினாள். கியரைக் குறைத்ததில் எஞ்சின் அலறியது. கீழே சிவப்பு விளக்கு, அதற்கு முன்னால் ஆள் நிறைந்த ஒரு பேருந்து. வண்டியின் பின்பக்கம் ஒரு தடவை ஆடியது, இன்னொரு தடவை ஆடியது. சக்கரம் நடைபாதைக் கல்லில் உரசிக்கொண்டே போய், பேருந்துக்கு நாலு எட்டு முன்னால் நின்றது. பேருந்தில் கடைசி வரிசையில் இருந்தவர் மட்டும் திரும்பிப் பார்த்தார்.

அவள் போய்ச் சேர்ந்தபோது கணவன் கதவைத் திறந்து வெளியே காலை வைத்திருந்தான், எழுந்திருக்க முடியவில்லை. சின்னவன் முன்சீட்டு வழியாக நழுவி வந்து அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டான். அவன் உடம்பு முழுக்கத் தடவிப் பார்த்தாள். ஒரு கீறல் இல்லை.

"நீ சொன்னே," என்றான் கணவன். உதடு வெளுத்திருந்தது. "நாலு வருஷமா சொன்னே. நான்தான் கேட்கலை. வித்துடலாம். நாளைக்கே வித்துடலாம்."

நாலு வருடமாக அவள் கேட்க ஆசைப்பட்ட வார்த்தை. பேசாமல் இருந்தால் போதும். கையுறையைச் சாக்கடையில் போட்டுவிட்டு, வீட்டுக்குப் போய் மூடிகளை மாற்றிப் போட்டுவிட்டால், தப்பு வண்டியுடையது. கை தானாகவே அந்தக் கையுறையைச் சுருட்டி ஏப்ரன் பைக்குள் திணித்தது. தன் கை அப்படிச் செய்வதைப் பார்த்து அவளுக்கு வண்டியைப் பார்த்ததைவிடப் பயமாக இருந்தது.

"அம்மா," என்றான் சின்னவன், "பிரேக் பிடிக்காதுன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

அவள் கையுறையை வெளியே எடுத்தாள். கணவன் அந்த ஊதிய விரல்களைப் பார்த்தான். அவனுக்கு விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை.

"ஞாயித்துக்கிழமை மூடியெல்லாம் கழுவினேன்," என்றாள். "மாத்திப் போட்டுட்டேன். நாலு நாளா நான்தான் எண்ணெயை ஊத்தியிருக்கேன்." அழுகை வந்து மீதியை விழுங்கிவிட்டது.

திட்டுவான் என்று காத்திருந்தாள்; திட்டினால்கூடத் தேவலை என்றிருந்தது. "மூடியில அடையாளம் வச்சது நான்," என்றான் கடைசியில். "நேத்து வாடை அடிச்சப்பவே நிறுத்தியிருக்கணும். லிஃப்டா இருந்தா நிறுத்தியிருப்பேன்."

அப்போதுதான் பெரியவள் இன்னும் இறங்கவில்லை என்பதை இருவரும் கவனித்தார்கள். அவள் பின்சீட்டிலிருந்து எக்கி, முன்சீட்டுகளுக்கு நடுவே கை பிரேக்கை இரண்டு கையாலும் பிடித்தபடி இருந்தாள். விரல் கணுக்கள் வெளுத்துப் போயிருந்தன. பேசியது அத்தனையும் அவள் காதில் விழுந்திருக்கிறது.

கணவன் குனிந்து, தினமும் காலையில் சொல்கிற அதே குரலில் சொன்னான்: "விடும்மா. வண்டி நின்னுடுச்சு, விடு."

அவள் விடவில்லை. அப்பாவைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள்.

"முதல்ல சக்கரத்துக்கு முன்னாடி கல்லு வைங்க," என்றாள். "வச்சதை நான் பார்க்கணும். அப்புறம் விடறேன்."

பெற்றவர்கள் இருவரும் தலையைக் குனிந்துகொண்டு, தெருவோரமாகக் கல் தேடினார்கள்.